ஆபத்து உருவெடுக்கும் கணம்: பிரித்தானிய தியறிப் பரீட்சையின் காணொளிப் பகுதிக்கு ஆயத்தமாகும் முறை

இலங்கையிலோ இந்தியாவிலோ பெற்ற சாரதி அனுமதிப்பத்திரத்தை வைத்துக்கொண்டு, பிரித்தானியாவில் குடியேறிய நாளிலிருந்து 12 மாதங்கள் வரை மட்டுமே கார் ஓட்டலாம். இவ்விரு நாடுகளின் அனுமதிப்பத்திரங்களையும் இங்குள்ளதாக நேரடியாக மாற்றிக்கொள்ள வழியில்லை. ஆகையால், ஊரில் இருபது ஆண்டுகள் ஓட்டியவராக இருந்தாலும் புரொவிஷனல் லைசென்ஸ் எனப்படும் பழகுநர் அனுமதிப்பத்திரத்தை எடுத்து, தியறிப் பரீட்சையில் சித்தியடைந்து, அதன் பிறகே வீதியில் ஓட்டிக்காட்டும் பரீட்சைக்குப் போக வேண்டும். தியறியில் இரண்டு பகுதிகள் உள்ளன. முதலாவது, 57 நிமிடங்களில் 50 கேள்விகளுக்கு விடை தெரிவுசெய்யும் பகுதி. அதில் 43 சரியாக இருக்க வேண்டும். இரண்டாவது, வீதியில் உருவாகும் ஆபத்தை எவ்வளவு முன்கூட்டியே கண்டுகொள்கிறீர்கள் என்று சோதிக்கும் காணொளிப் பகுதி. எல்லோரும் ஹசார்ட் பெர்செப்ஷன் என்று சொல்வது இதைத்தான். இரண்டிலும் ஒரே அமர்வில் சித்தியடைய வேண்டும். ஒன்றில் தவறினால் இரண்டையும் மறுபடி எழுத வேண்டியதுதான்.

புதிதாக வருபவர்களில் பலர் முதற் பகுதிக்கு மாதக்கணக்காகப் படித்துவிட்டு, இரண்டாவதை "எனக்கு ஓட்டத் தெரியும்தானே" என்ற நம்பிக்கையில் விட்டுவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் போனேன். கேள்விப் பகுதியில் 47 எடுத்தேன். காணொளிப் பகுதியில் 44 புள்ளிகள் தேவைப்பட, எனக்குக் கிடைத்தவை 38. யாழ்ப்பாணத்தில் பத்து ஆண்டுகள் ஒரு கீறலும் விழாமல் வான் ஓட்டியவன் ஏன் இங்கே தவறினேன் என்று விளங்க எனக்குச் சில கிழமைகள் பிடித்தன. அப்படி விளங்கியதையே இங்கு எழுதுகிறேன்.

பரீட்சையில் நடப்பது

கணினித் திரையில் 14 காணொளித் துண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு நிமிடம் நீளும். சாரதி இருக்கையில் இருந்தபடி முன்கண்ணாடியூடாகப் பார்ப்பதைப் போன்ற காட்சி அது. 2002 நவம்பரில் இந்தப் பரீட்சையைத் தொடங்கியபோது உண்மையான வீதிகளில் படம்பிடித்த காட்சிகளைக் காட்டினார்கள். 2015 முதல் கணினியில் உருவாக்கிய காட்சிகள் அவற்றின் இடத்துக்கு வந்துவிட்டன. படம் துலக்கமாக இருக்கும். மழையும் பனியும் இருட்டும் உள்ள காட்சிகளும் வரலாம்.

பதின்மூன்று காட்சிகளில் புள்ளி பெறக்கூடிய ஆபத்து ஒன்றே ஒன்று இருக்கும். ஒரு காட்சியில் மட்டும் இரண்டு இருக்கும். அந்த ஒன்று எதுவென்று முன்கூட்டிச் சொல்லமாட்டார்கள். ஆக மொத்தம் 15 ஆபத்துகள், ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் 5 புள்ளிகள், மொத்தம் 75. கார், மோட்டார்சைக்கிள் பரீட்சார்த்திகளுக்கு 44 போதும். லொறி, பஸ் ஓட்ட விரும்புபவர்களுக்கு 19 காட்சிகளில் 20 ஆபத்துகள் வரும். அவர்கள் 100இல் 67 எடுக்க வேண்டும்.

ஆபத்தைக் கண்டவுடன் மவுஸை அழுத்த வேண்டும். அது பதிவானதற்கு அடையாளமாகத் திரையின் அடியில் ஒரு சிறிய கொடி தோன்றும். படத்தில் எந்த இடத்தைச் சுட்டுகிறீர்கள் என்பது பொருட்டல்ல; எந்தக் கணத்தில் அழுத்துகிறீர்கள் என்பதை மட்டுமே கணினி பார்க்கிறது. ஆபத்து உருவெடுக்கத் தொடங்கும் கணத்தில் ஒரு நேர இடைவெளி திறக்கிறது. அதன் தொடக்கத்தில் அழுத்தினால் 5 புள்ளிகள். நேரம் செல்லச் செல்ல 4, 3, 2, 1 என்று இறங்கி, கடைசியில் ஒன்றுமில்லாமல் போகும். இடைவெளி திறப்பதற்கு முன் அழுத்தினாலும் புள்ளி கிடையாது. ஊரில் ஓட்டிப் பழகியவர்கள் புள்ளிகளை இழப்பது பெரும்பாலும் இந்தக் கடைசி வசனம் சொல்லும் இடத்தில்தான்.

"இருக்கக்கூடியது" எது, "உருவெடுத்தது" எது

வீதியோரத்தில் ஒரு வான் நிற்கிறது. அது நிற்பதாலேயே ஆபத்து வந்துவிடவில்லை, வரக்கூடும், அவ்வளவுதான். நீங்கள் நெருங்கும்போது அதன் வலப்பக்கச் சமிக்ஞை விளக்கு மின்னத் தொடங்குகிறது, முன்சக்கரம் வீதிப் பக்கமாகத் திரும்புகிறது. இப்போது ஆபத்து உருவெடுத்துவிட்டது, ஏனென்றால் வேகத்தைக் குறைக்கவோ திசையை மாற்றவோ வேண்டிய நிலைக்கு நீங்கள் வந்துவிட்டீர்கள். பரீட்சை வைப்பவர்களின் வரைவிலக்கணமே இதுதான்: சாரதியை ஏதாவது செய்யவைப்பது எதுவோ, அதுவே புள்ளிக்குரிய ஆபத்து.

நான் தவறிய இடமும் இதுதான். நிற்கும் வானைத் தூரத்தில் கண்டவுடனேயே அழுத்திவிட்டு, "நான் முதலே கண்டுவிட்டேன்" என்று அடுத்ததைத் தேடப் போய்விட்டேன். வான் புறப்பட்டபோது எனக்கு அது ஏற்கெனவே முடிந்த விடயம். கணினிக்கோ அது அப்போதுதான் தொடங்கியிருந்தது. கண் நன்றாகப் பழகியவர்களுக்கே இந்தத் தவறு நேர்கிறது என்பதை நான் பலரிடம் பார்த்திருக்கிறேன். ஆகையால், குறைந்த புள்ளி வந்தால் உங்கள் ஓட்டும் திறமையைச் சந்தேகிக்காதீர்கள். அழுத்தும் கணத்தைத் திருத்துங்கள்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. கொழும்பில் ஒன்பது ஆண்டுகள் கார் ஓட்டிய ஓர் அக்கா என்னோடு இருந்து பயிற்சிக் காட்சிகளைப் பார்த்தார். தள்ளுவண்டியோடு ஒரு தாய் நடைபாதையிலிருந்து வீதிக்கு இறங்குகிறார்; அக்கா அழுத்தவே இல்லை. ஏன் என்று கேட்டேன். "அவ பாத்துத்தானே இறங்குறா, நாங்கள் மெல்ல விலத்திக்கொண்டு போவம்தானே" என்றார். அவர் சொன்னது பிழையான ஓட்டுதல் அல்ல. ஆனால் விலத்துவதும் ஒரு செயல்தான். திசையை மாற்றுகிறோம் அல்லவா? ஊரில் ஒரு நாளைக்கு நூறு தடவை செய்வதால் அது செயலாகவே நமக்குத் தோன்றுவதில்லை. அன்றிலிருந்து அவரிடம் ஒரே ஒரு கேள்வியைக் கேட்கச் சொன்னேன்: "இப்போது என் கால் அக்சிலரேற்றரை விட்டு எழுமா, என் கை ஸ்ரியரிங்கை அசைக்குமா?" ஆம் என்றால் அழுத்த வேண்டும். அடுத்த தடவை அவர் சித்தியடைந்தார்.

இவ்வளவு நுணுக்கமாக நேரத்தை அளப்பதற்குக் காரணம் இருக்கிறது. மணிக்கு 30 மைல் வேகத்தில் போகும் கார் ஒரு வினாடியில் 13 மீற்றருக்கு மேல் நகர்ந்துவிடுகிறது. அந்த வேகத்தில் நிற்பதற்கு மொத்தம் 23 மீற்றர் வேண்டும் என்று ஹைவே கோட் எனப்படும் வீதிவிதிக் கோவை கூறுகிறது: கண் கண்டு கால் பிரேக்குக்குப் போவதற்குள் 9 மீற்றர், பிரேக் பிடித்த பின் 14 மீற்றர். 70 மைல் வேகத்தில் அதே கணக்கு 96 மீற்றராகிறது. ஒரு வினாடி முந்திக் கண்டுகொண்டவருக்கு முட்டாமல் நிற்க இடம் இருக்கிறது. வயதும் உடல்வேகமும் இதில் பெரிதாகக் கைகொடுப்பதில்லை. எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்திருப்பதுதான் கைகொடுக்கிறது. 1972இல் அமெரிக்காவில் மொரான்ட், ரொக்வெல் என்ற இரு ஆய்வாளர்கள் புதிய சாரதிகளின் கண்ணசைவைப் பதிவுசெய்து அனுபவசாலிகளோடு ஒப்பிட்டார்கள். புதியவர்களின் பார்வை காருக்கு அண்மையில் உள்ள தரையிலேயே தங்கி நின்றது. கண்ணாடிகளையும் அவர்கள் குறைவாகவே பார்த்தார்கள். நீங்கள் பயிற்சி செய்யத் தொடங்கும்போது முதலில் திருத்த வேண்டியதும் இந்தப் பார்வையைத்தான்.

கண்ணைப் பழக்கும் முறை

முதலில் ஹைவே கோட்டை ஒருமுறை முழுமையாகப் படியுங்கள். கேள்விப் பகுதிக்காக எப்படியும் படிப்பீர்கள். ஆனால் காணொளிக்கும் அது உதவும், ஏனென்றால் இங்கே யாருக்கு முன்னுரிமை என்பது தெரியாமல் எது ஆபத்தாக உருவெடுக்கும் என்று ஊகிக்க முடியாது. ஊரில் நான் ஓட்டிப் பழகிய காலத்தில் பாதசாரிக் கடவை மஞ்சள் நிறமாக இருந்தது. இங்கே கறுப்பு வெள்ளைக் கோடுகளும் இருபுறமும் மின்னும் செம்மஞ்சள் உருண்டை விளக்குகளும் இருக்கும். அந்த உருண்டை விளக்கைத் தூரத்தில் கண்டவுடன் உங்கள் கண் நடைபாதைக்குப் போக வேண்டும். குதிரையில் வருபவர், சிறிய சுற்றுவட்டம், ஒரு வாகனம் மட்டுமே போகக்கூடிய கிராமத்து வீதி ஆகியவையும் நம்மில் பலருக்குப் புதியவை.

அடுத்து, அதிகாரபூர்வமான பயிற்சிக் காட்சிகளை வாங்கி, முதற் சில நாட்கள் மவுஸைத் தொடாமலே பாருங்கள். காட்சி ஓடும்போது திடீரென்று நிறுத்திவிட்டு, "அடுத்த இரண்டு வினாடிகளில் என்ன நடக்கும்?" என்று உங்களையே கேளுங்கள். ஒரு விடை மட்டும் சொல்லாதீர்கள்; இரண்டு மூன்று சொல்லுங்கள். பிறகு ஓடவிட்டு, எது நடந்தது என்று பாருங்கள். வீட்டில் இன்னொருவர் நிறுத்த, நீங்கள் விடை சொல்வது இன்னும் நல்லது. இந்த ஒரு பயிற்சி எனக்குத் தந்த பயனை வேறெதுவும் தரவில்லை.

மூன்றாவதாக, பார்ப்பதை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். தமிழிலேயே சொல்லுங்கள். "இடப்பக்கம் பள்ளிக்கூட அடையாளம். நிற்கும் கார்கள், நடுவில் இடைவெளி. முன்னால் போகும் காரின் பிரேக் விளக்கு எரிகிறது. பக்கவீதியில் ஒரு காரின் முன்பக்கம் தெரிகிறது, நிற்கிறதா, வருகிறதா? வருகிறது." சொல்ல முடியாததை நீங்கள் உண்மையில் காணவில்லை என்று தெரிந்துகொள்வீர்கள். இதைக் காணொளிக்கு முன்னால் மட்டும் செய்ய வேண்டும் என்றில்லை. வேறொருவர் ஓட்டும் காரில் முன் இருக்கையில் இருக்கும்போது செய்யலாம். இலண்டனில் இருப்பவர்கள் இரட்டைத்தட்டு பஸ்ஸின் மேல்தட்டில், முன்கண்ணாடியோடு ஒட்டிய இருக்கையில் அமர்ந்து மனதுக்குள் செய்யலாம். அவ்வளவு உயரத்திலிருந்து முழு வீதியும் தெரியும்.

எதைத் தேடுவது? முழு வாகனத்தையோ முழு மனிதரையோ காணும்வரை காத்திருந்தால் 2 புள்ளிகள்தான் மிஞ்சும். சிறிய அறிகுறிகளைத் தேடுங்கள். நிற்கும் வானின் அடியில் தெரியும் பாதங்கள். நிற்கும் காருக்குள் தெரியும் தலை, அதன்பின் கதவு சிறிது விலகுதல். தரிப்பிடத்தில் நிற்கும் பஸ்ஸின் சமிக்ஞை விளக்கு. பஸ்ஸிலிருந்து இறங்கியவர் அதன் முன்புறமாக நடப்பது. சைக்கிளில் போகிறவர் தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்ப்பது அல்லது அவருக்கு முன்னால் ஒரு நீர்க்குட்டை இருப்பது. எதிரே வரும் லொறியின் பக்கத்தில் கார்கள் வரிசையாக நிற்பதால் அது நம் பக்கத்துக்கு வரவேண்டிய நிலை. வீதிக்கு உருண்டு வரும் பந்து. நெடுஞ்சாலையில் மூன்று வாகனங்களுக்கு முன்னால் எரியும் பிரேக் விளக்கு. இவற்றில் எதிலும் ஆபத்து இன்னும் முழுமையாக வந்துவிடவில்லை. ஆனால் பாதங்கள் நகரத் தொடங்கும் கணத்தில், சைக்கிள் வளையத் தொடங்கும் கணத்தில் இடைவெளி திறக்கிறது.

எப்படி அழுத்துவது

கண் பழகிய பிறகே மவுஸை எடுங்கள். நான் எல்லோருக்கும் சொல்லும் முறை இரட்டை அழுத்தம்: ஏதோ நடக்கப்போகிறது என்று உறுதியாகத் தோன்றும்போது ஒன்று, அது நடக்கத் தொடங்கிவிட்டது என்று தெளிந்தவுடன், ஏறத்தாழ ஒரு வினாடி கழித்து, இன்னொன்று. முதலாவது இடைவெளிக்கு முன்னே விழுந்திருந்தாலும் இரண்டாவது 4 அல்லது 5 புள்ளிகளைப் பிடித்துவிடும். ஒரே ஆபத்துக்குப் பல தடவை அழுத்தியிருந்தால், அவற்றுள் கூடிய புள்ளி பெற்றதையே கணினி எடுத்துக்கொள்ளும். தேவையில்லாத இடத்தில் அழுத்தியதற்காகப் புள்ளி குறைக்கப்படுவதும் இல்லை. நான் முதற் தடவை கடைப்பிடித்த "ஒருமுறை அழுத்தினால் போதும்" என்ற சிக்கனம் முற்றிலும் பிழையானது.

அதற்காக விடாமல் அழுத்திக்கொண்டே இருக்கவும் கூடாது. தொடர்ச்சியாகவோ, தாளம் தட்டுவதைப்போல ஒரே கால அளவிலோ அழுத்தினால் கணினி அதைக் கண்டுபிடித்து அந்தக் காட்சிக்கு முழுவதுமாகப் பூச்சியம் கொடுத்துவிடும். காட்சியின் முடிவில் அதைத் திரையில் அறிவிக்கும். ஒரு காட்சிக்குள் ஐந்தாறு தடவைக்கு மேல் நான் அழுத்துவதில்லை. அழுத்திய ஒவ்வொன்றுக்கும் "எதற்காக?" என்று கேட்டால் சொல்லக்கூடிய விடை இருந்தால் அந்த எண்ணிக்கை தானாகவே அடங்கிவிடும்.

ஒரு காட்சியில் ஆபத்து வந்து போய்விட்டது என்பதற்காகக் கண்ணைத் தளர்த்த வேண்டாம். இரண்டு ஆபத்துகள் உள்ள காட்சி அதுவாகவே இருக்கலாம். காட்சி முடியும்வரை பாருங்கள். ஒவ்வொரு காட்சிக்கும் முன்னர் 10 வினாடிகள் எண்ணிக்கை ஓடும். கண்ணை இமைத்து, கையை மவுஸில் மெதுவாக வைத்துக்கொள்ள அது போதும். தவறவிட்ட காட்சியைத் திரும்பப் பார்க்க முடியாது என்பதால், அதைப் பற்றிய கவலையையும் அந்த 10 வினாடிகளுக்குள் இறக்கிவைத்துவிடுங்கள்.

பதிவும் பரீட்சை நாளும்

புரொவிஷனல் லைசென்ஸை அரசாங்க இணையத்தளத்தில் 34 பவுணுக்கு எடுக்கலாம். தபால்மூலம் விண்ணப்பித்தால் 43 பவுண். கார் ஓட்டுவதற்கான தியறிப் பரீட்சையை 17 வயதிலிருந்து எழுதலாம். கட்டணம் 23 பவுண். பதிவு செய்யும்போது அரசாங்கத்தின் இணையத்தளத்தில்தான் இருக்கிறீர்கள் என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். அதே தோற்றத்தில், கூடுதல் பணம் வாங்கிக்கொண்டு உங்களுக்காகப் பதிவு செய்து தருவதாகச் சொல்லும் தளங்கள் பல இருக்கின்றன. வாசிப்பதில் சிரமமோ வேறு உடல்நலத் தேவையோ இருந்தால் அதைப் பதிவின்போதே தெரிவிக்க வேண்டும். பரீட்சை நாளில் போய்ச் சொன்னால் ஏற்பாடு செய்ய முடியாது.

ஆங்கிலத்தை நினைத்துத் தயங்குபவர்களுக்கு ஒரு செய்தி. ஒரு காலத்தில் இந்தப் பரீட்சையின் கேள்விகளைத் தமிழிலேயே ஹெட்போனில் கேட்டு எழுத முடிந்தது. 19 வெளிநாட்டு மொழிகளில் இருந்த அந்த வசதியில் தமிழும் ஒன்று. 2014 ஏப்ரலில் அதை நிறுத்திவிட்டார்கள். இது நம்மில் வயதில் மூத்த பலரைப் பாதித்த மாற்றம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் காணொளிப் பகுதிக்கு மொழி ஏறத்தாழத் தேவையே இல்லை. தொடக்கத்தில் வரும் விளக்கக் காணொளியை முன்கூட்டியே வீட்டில் ஒருமுறை பார்த்து விளங்கிக்கொண்டால், அதன்பின் வேண்டியது கண் மட்டும்தான். ஆங்கிலம் கடினமாக இருப்பவர்கள் இந்தப் பகுதியில் மற்றவர்களுக்குச் சமமாகவே நிற்கிறார்கள்.

மையத்துக்குப் போகும்போது புகைப்பட லைசென்ஸ் அட்டையை மறக்க வேண்டாம். அது இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள், கட்டணமும் போய்விடும். கைத்தொலைபேசியையும் பையையும் அங்குள்ள பெட்டியில் வைத்துப் பூட்ட வேண்டும். கேள்விப் பகுதி முடிந்ததும் 3 நிமிடங்கள்வரை இடைவேளை எடுக்கலாம். அதைக் கட்டாயம் எடுங்கள். ஒரு மணித்தியாலம் எழுத்தை வாசித்து ஓய்ந்த கண், உடனடியாக அசையும் காட்சிக்கு மாறுவதற்குச் சிறிது தடுமாறும். திரையிலிருந்து பார்வையை எடுத்துத் தூரத்தில் உள்ள சுவரையாவது பாருங்கள்.

முடிவை அன்றைக்கே மையத்தில் தந்துவிடுவார்கள். தவறியிருந்தால் 3 வேலைநாட்கள் கழித்து மறுபடி எழுதலாம். அவசரப்பட்டு உடனே எழுத வேண்டாம் என்பது என் கருத்து. பயிற்சிக் காட்சிகளில் எந்த இடங்களில் 0 வருகிறது, எந்த இடங்களில் 1, 2 வருகிறது என்று ஒரு தாளில் குறித்துப் பாருங்கள். பூச்சியங்கள் கூடுதலாக இருந்தால், ஒன்றில் முந்தி அழுத்தியிருப்பீர்கள், அல்லது அந்த அக்காவைப்போல அதை ஆபத்தாகவே எண்ணியிருக்கமாட்டீர்கள். அதே காட்சியை மறுபடி ஓடவிட்டுக் கொடி எங்கே விழுந்தது என்று பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். ஒன்றும் இரண்டும் கூடுதலாக இருந்தால் உங்கள் பார்வை காருக்கு மிக அண்மையில் தங்குகிறது. வீதியின் தொலைவான முனையில் பார்வையை வைத்து அங்கிருந்து கிட்டக் கொண்டுவரும் பழக்கத்தை ஏற்படுத்த வேண்டும். நான் இரண்டாம் தடவை ஐந்து கிழமைகள் கழித்துப் போய் 59 எடுத்தேன்.

சித்தியடைந்தவுடன் தரும் கடிதத்தில் உள்ள இலக்கத்தைப் பத்திரமாக வைத்திருங்கள். ஓட்டிக்காட்டும் பரீட்சைக்குப் பதிவு செய்ய அது தேவை. தியறிச் சித்தி இரண்டு ஆண்டுகளுக்கு மட்டுமே செல்லும். அதற்குள் ஓட்டிக்காட்டும் பரீட்சையில் சித்தியடையாவிட்டால் கேள்விகளையும் காணொளியையும் முதலிலிருந்து எழுத வேண்டும். ஓட்டிக்காட்டும் பரீட்சைக்கு நாள் கிடைக்கப் பல இடங்களில் மாதக்கணக்காகக் காத்திருக்க வேண்டியிருப்பதால், கடிதம் கையில் கிடைத்த அன்று மாலையே அதற்கான பதிவைச் செய்துவிடுங்கள்.